ஆறு வயது மருமகன்



இது கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டு, கைவேலை முடித்துவிட்டு, ஆற அமரப் படியுங்கள். கடைசியில் உறவினர்களிடம் ஒரு கேள்வியும் வைத்திருக்கிறேன். அதற்காகவாவது முழுவதும் படித்துவிடுங்கள்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தில் லெஸ்டர் நகரத்தில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் அழைத்தான். ஐந்தாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிக்கச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும் பிள்ளை. இப்போது அங்கே சொந்தமாக வீடு வாங்கியிருக்கிறான். செங்கல்லில் வரிசையாகக் கட்டிய, நூற்று நாற்பது வருடத்துக்கு மேல் பழைய வீடு. அந்த வீட்டில் முன்பு யார் குடியிருந்தார்கள் என்று தேடியிருக்கிறான். இங்கிலாந்தின் 1881 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்த பெயர்களெல்லாம் இணையத்திலேயே கிடைக்கின்றன. அவன் வீட்டு முகவரியிலும் ஒரு குடும்பம் இருந்திருக்கிறது. அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிட்டுத்தான் அழைத்தான்.

“டீச்சர், மூணாவது வரியைப் பாருங்க. ‘சன் இன் லா’ன்னு போட்டிருக்கு. வயசு 6. அப்போ இங்கேயும் குழந்தைத் திருமணம் இருந்துச்சா டீச்சர்?”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். குடும்பத் தலைவர், வயது 38. மனைவி, 33. அடுத்து அந்த ‘மருமகன்’, 6. கடைசியாக மகள், 2. அந்த ஆறு வயதுப் பையனுக்கு நேரே தொழில் என்ற கட்டத்தில் ‘ஸ்காலர்’ என்று எழுதியிருந்தது.

“ஆறு வயசில அறிஞரா இருக்கான், கல்யாணம் ஆகியிருக்காதா?” என்று கேட்டுவிட்டேன். இருவரும் சிரித்தோம். ஸ்காலர் என்றால் அந்தக் காலத்துக் கணக்கெடுப்பில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று பொருள். அவ்வளவுதான்.

ஆனால் ‘சன் இன் லா’ சிரித்துவிட்டுக் கடந்து போகிற விஷயம் இல்லை. அதற்குப் பின்னால் ஒரு சாவும் ஒரு மறுமணமும் இருக்கின்றன. வகுப்பில் முழுசாகச் சொல்ல ஒருநாளும் நேரம் கிடைக்காத வரலாறு இது. அன்று அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் எழுதுகிறேன்.

அந்தப் பையன் யார்?

அவன் மனைவியின் முதல் கணவருக்குப் பிறந்த பிள்ளை. அதாவது, அந்தக் குடும்பத் தலைவருக்கு மாற்றான் மகன். இன்றைய ஆங்கிலத்தில் ‘ஸ்டெப் சன்’ என்பார்கள். அன்றைக்கு ‘இன் லா’ என்ற ஒட்டு இரண்டு உறவுகளுக்கும் பொதுவாக இருந்தது. மகளைக் கட்டியவரும் சன் இன் லா, மனைவியோடு வந்த பிள்ளையும் சன் இன் லா.

காரணம் எளிமையானது. ‘லா’ என்றால் சட்டம். இங்கே அது திருமண உறவுகளைப் பற்றிய திருச்சபைச் சட்டம். இரத்தத்தால் வராமல், ஒரு திருமணத்தின் மூலம் சட்டப்படி வந்த உறவு எதுவோ அதெல்லாம் ‘இன் லா’. மாமியாரும் அப்படி வந்தவர்தான், மாற்றாந்தாயும் அப்படி வந்தவர்தான். சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ படித்தவர்களுக்கு நினைவிருக்கலாம். அதில் சாம் வெல்லர் தன் அப்பாவின் இரண்டாவது மனைவியை ‘மதர் இன் லா’ என்றுதான் சொல்வான். இன்றைய அர்த்தத்தில் படித்தால், கல்யாணமே ஆகாதவனுக்கு மாமியார் எங்கிருந்து வந்தார் என்று குழம்பிப்போவோம்.

‘ஸ்டெப்’ என்ற சொல்லுக்கும் ஒரு கதை உண்டு. அது படிக்கட்டு இல்லை. பழைய ஆங்கிலத்தில் பெற்றவரை இழந்த நிலையைக் குறித்த சொல் அது. ஸ்டெப் சைல்ட் என்றால் முதலில் அநாதைப் பிள்ளை என்றே பொருள்.

“சரி டீச்சர், நீங்க சொல்றீங்க. ஆனா அப்படித்தான்னு எப்படி உறுதியா சொல்றது?” என்று கேட்டான். வாய்ப்பாட்டுக்கு வயிற்றுவலி வந்தவன் கேட்கிற கேள்வியா இது! சந்தோஷமாக இருந்தது.

கழித்தல் கணக்கு

பழைய கணக்கெடுப்பைப் படிக்க மூன்றாம் வகுப்புக் கழித்தல் போதும். 33இலிருந்து 6 போனால் 27. அந்த அம்மாவுக்கு 27 வயதில் பிறந்த பிள்ளையாக அவன் இருக்கலாம். 38இலிருந்தும் 33இலிருந்தும், மருமகனுக்குப் பெண் கொடுக்கிற வயதில் ஒரு மகளைத் தேடினால் யாரும் இல்லை. இருக்கிற மகளுக்கு இரண்டு வயது.

அடுத்து குடும்பப் பெயர். பையனின் பெயருக்குப் பின்னால் வேறு குடும்பப் பெயர் இருந்தது. அது அவனைப் பெற்ற அப்பாவின் பெயர். அடுத்து பிறந்த ஊர். தங்கை லெஸ்டரிலேயே பிறந்தவள். பையன் வேறு ஊரில் பிறந்தவன். அம்மா ஏதோ ஓர் ஊரில் ஒருவரோடு வாழ்ந்து, அவரை இழந்து, பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்திருக்கிறாள். நாலே வரியில் இவ்வளவு இருக்கிறது.

“இப்ப 1891க்குப் போய் இதே பேரைத் தேடு” என்றேன். மறுநாள் செய்தி வந்தது. அதே குடும்பம், இரண்டு தெரு தள்ளி. பையனுக்கு 16 வயது, காலணித் தொழிற்சாலையில் வேலை. உறவு என்ற கட்டத்தில் இந்தமுறை ‘ஸ்டெப் சன்’ என்று தெளிவாக இருந்தது. பத்து வருடத்தில் பையன் மாறவில்லை, உறவும் மாறவில்லை. எழுதியவர் மாறியிருக்கிறார், சொல் மாறியிருக்கிறது.

இந்தக் கட்டம் எப்போது வந்தது?

இங்கிலாந்தில் முதல் கணக்கெடுப்பு 1801இல் நடந்தது. அப்போது அரசுக்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை மட்டும்தான். நாடு முழுவதும் எல்லாருடைய பெயரையும் எழுதியது 1841இல். ஆனால் அதில் உறவு என்ற கட்டம் கிடையாது. பெரியவர்களின் வயதையும் ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொன்னார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார்.

அதனால் 1841 பக்கத்தில் ஓர் ஆண், ஒரு பெண், கீழே மூன்று குழந்தைகள் இருந்தால் கணவன், மனைவி, பிள்ளைகள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. மனைவியை இழந்த அண்ணனும், அவர் பிள்ளைகளை வளர்க்க வந்த தங்கையுமாக இருக்கலாம். எத்தனையோ பேர் இப்படித் தங்கள் கொள்ளுத்தாத்தாவின் தங்கையைக் கொள்ளுப்பாட்டியாக்கிக் குடும்ப மரம் வரைந்திருக்கிறார்கள்.

1851இல்தான் ‘குடும்பத் தலைவருக்கு என்ன உறவு’ என்ற கட்டம் வந்தது. இதில் ‘தலைவருக்கு’ என்ற சொல்லின் கீழே கோடு போட்டுக்கொள்ளுங்கள். ‘மகன்’ என்றால் தலைவரின் மகன். பக்கத்தில் எழுதியிருக்கும் மனைவி பெற்ற மகன் என்று பொருள் இல்லை. மனைவிக்கு வயது 26, மூத்த மகனுக்கு 15 என்று இருந்தால் அவள் இரண்டாம் தாரம். ஆனால் அந்தப் பக்கத்தில் எங்கேயும் ‘இரண்டாம் தாரம்’ என்று எழுதியிருக்காது. கழித்துப் பார்ப்பவருக்கு மட்டும்தான் தெரியும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். படிவம் வீட்டுக்கு வரும், தலைவர் நிரப்புவார், எழுதத் தெரியாவிட்டால் கணக்கெடுப்பாளர் கேட்டு நிரப்புவார். பிறகு அதைத் தன் பெரிய நோட்டில் படியெடுப்பார். 1901 வரை இங்கிலாந்தில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அந்தப் படிதான். வீட்டுக்காரரின் சொந்தக் கையெழுத்து நமக்குக் கிடைப்பது 1911இலிருந்து. அந்த வருடம் திருமணமாகி எத்தனை வருடம், எத்தனை பிள்ளைகள் பிறந்தார்கள், எத்தனை பேர் இறந்தார்கள் என்றும் கேட்டார்கள். திருமணமாகிப் பத்து வருடம், மகனுக்குப் பதினான்கு வயது என்றால் விசாரிக்க ஏதோ இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மற்ற சில சொற்கள்

கொழுந்தியாள், அதாவது ‘சிஸ்டர் இன் லா’. மனைவியை இழந்த ஒருவர் வீட்டில், பிள்ளைகளோடு மனைவியின் தங்கையும் இருப்பார். ‘சிஸ்டர் இன் லா’ என்றோ, ‘ஹவுஸ்கீப்பர்’ என்றோ எழுதியிருக்கும். நம் பக்கத்தில் அக்கா இறந்துபோனால் தங்கையைக் கட்டிவைப்பதைப் பிள்ளைகளுக்கு நல்லது என்று பெரியவர்களே பேசி முடித்துவிடுவார்கள். இங்கிலாந்தில் 1835இல் வந்த ஒரு சட்டப்படி, அதற்குப்பின் நடக்கிற அப்படிப்பட்ட திருமணம் செல்லாது. அதை மாற்றப் பல பத்தாண்டுகள் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்தார்கள். 1907இல்தான் நிறைவேறியது. ஹோல்மன் ஹன்ட் என்ற புகழ்பெற்ற ஓவியர் இறந்துபோன மனைவியின் தங்கையைக் கட்ட 1875இல் சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டியிருந்தது. அவ்வளவு வசதி இல்லாதவர்கள் என்ன செய்திருப்பார்கள்? அந்த ‘ஹவுஸ்கீப்பர்’களில் பலர் உண்மையிலேயே அக்கா பிள்ளைகளை வளர்க்க வந்தவர்கள். சிலர் மனைவியாகவே வாழ்ந்தும் அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்ல முடியாதவர்கள். கட்டத்தில் இருவருக்கும் ஒரே சொல்தான்.

‘நெஃப்யூ’. இன்று அண்ணன் தம்பி, அக்கா தங்கை பிள்ளை. இதன் மூலம் லத்தீனில் ‘நெபோஸ்’. அதற்குப் பேரன் என்றும் பொருள். 17ஆம் நூற்றாண்டு வரை ஆங்கில உயில்களில் ‘நெஃப்யூ’ என்று பேரனைச் சொல்வது உண்டு. இத்தாலி மொழியில் இன்றைக்கும் ‘நிபோத்தே’ என்ற ஒரே சொல் இரண்டுக்கும். 1881இல் இது அபூர்வம்தான். ஆனால் பழைய காகிதத்தைத் தொடும்போது நினைவில் இருக்க வேண்டும்.

‘போர்டர்’, ‘லாட்ஜர்’, ‘விசிட்டர்’. போர்டர் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவர். லாட்ஜர் அறையை மட்டும் வாடகைக்கு எடுத்தவர். விசிட்டர் அன்று இரவு மட்டும் அங்கே இருந்தவர். இவர்களையெல்லாம் வேற்றாள் என்று தள்ளிவிடாதீர்கள். மனைவியின் தம்பியே வாடகை கொடுத்து லாட்ஜராக இருந்திருப்பார். அன்றைய விசிட்டர் அடுத்த கணக்கெடுப்பில் அந்த வீட்டு மருமகனாகியிருப்பார்.

‘நர்ஸ் சைல்ட்’. காசு வாங்கிக்கொண்டு வளர்க்கும் அடுத்தவர் பிள்ளை. பெற்றவள் எங்கோ ஒரு பெரிய வீட்டில் வேலைக்காரியாக இருப்பாள்.

‘சர்வன்ட்’. இதற்கு ஓர் உலகறிந்த உதாரணம் சொல்கிறேன். 1851 கணக்கெடுப்பில் லண்டன் சோஹோ பகுதி, டீன் தெரு, 28ஆம் எண் வீட்டில் ‘சார்லஸ் மார்க்’ என்று ஒருவர். தொழில், தத்துவ நூலாசிரியர். நம் கார்ல் மார்க்ஸ்தான். கணக்கெடுப்பாளர் காதில் விழுந்தது அப்படி. அதே வீட்டில் வேலைக்காரர் என்ற வரியில் ஹெலன் டெமுத். அந்த வருடம் ஜூனில் அவருக்கு ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தை மார்க்ஸ்தான் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள், மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அதை நாம் இங்கே தீர்க்கப்போவதில்லை. நான் சொல்ல வந்தது வேறு. அந்த ‘வேலைக்காரர்’ 1890இல் இறந்தபோது ஹைகேட் கல்லறையில் மார்க்ஸ், ஜென்னி இருவரும் துயிலும் அதே குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டார். ‘சர்வன்ட்’ என்ற கட்டத்தில் இந்த உறவை எப்படி அடைப்பது?

கட்டமே இல்லாதவர்கள்

அமெரிக்காவைப் பற்றி ஒரு பத்தி சொல்லாவிட்டால் இந்தப் பாடம் முழுமையாகாது. அங்கே 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். அதில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அடிமைகளுக்கு வயது, பால், நிறம் இவ்வளவுதான். பெயர் கிடையாது. யார் யாருக்கு அம்மா, யார் யாருக்குப் பிள்ளை என்று எழுத வேண்டும் என்றே யாருக்கும் தோன்றவில்லை. விடுதலைக்குப் பிறகு 1870இல் எல்லாருடைய பெயரும் ஏறியது. உறவு என்ற கட்டம் 1880இல் வந்தது. சட்டப்படி திருமணம் என்பதே மறுக்கப்பட்டிருந்த மக்களுக்கு, தன் பெயருக்கு நேரே ‘மனைவி’, ‘மகள்’ என்று ஓர் அரசாங்கக் காகிதத்தில் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். நாம் அலட்சியமாக நிரப்புகிற கட்டம் அது.

நம் ஊர் மருமகன்

இவ்வளவும் கேட்டுவிட்டு என் மாணவன் சொன்னான். “நம்ம தமிழ்ல இந்தக் குழப்பமெல்லாம் இல்ல டீச்சர். மாமா, சித்தப்பா எல்லாம் தனித்தனியா இருக்கு.”

“அப்படியா? என் தம்பி மகனை நான் என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?” என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சிரித்தான். “மருமகன்.”

ஆமாம். என் தம்பி மகன் ஆறு வயதில் அரைக்கால் சட்டையோடு ஓடிவரும்போதே ‘வாங்க மருமகனே’ என்றுதான் கூப்பிட்டேன். ஆணுக்கு அக்கா தங்கை மகன் மருமகன், பெண்ணுக்கு அண்ணன் தம்பி மகன் மருமகன், இருவருக்கும் மகளைக் கட்டியவரும் மருமகன். மாமன் மகள், அத்தை மகன் கல்யாணம் வழக்கமாக இருந்த ஊரில் இரண்டும் ஒரே ஆளாக வருவது சாதாரணம். அதனால் சொல்லும் ஒன்றாகவே இருந்துவிட்டது. ஆக, ஆறு வயது மருமகனைப் பார்த்து லெஸ்டரில் திகைத்தவனின் வீட்டிலேயே ஆறு வயது மருமகன்கள் நாலு பேர் இருந்திருப்பார்கள்!

‘சித்தி’யும் அப்படித்தான். அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி, அப்பாவின் இரண்டாம் தாரமும் சித்தி. பழைய ஆங்கிலேயரின் ‘மதர் இன் லா’வைப் பார்த்துச் சிரிக்க நமக்கு உரிமை இல்லை.

லூயிஸ் ஹென்றி மார்கன் என்று ஓர் அமெரிக்க வழக்கறிஞர் இருந்தார். செனகா என்ற பூர்வகுடி மக்களின் உறவுச் சொற்களைச் சேகரித்துவந்தார். அவர்களுக்கு அப்பாவின் சகோதரரும் அப்பா, அம்மாவின் சகோதரியும் அம்மா, அவர்கள் பிள்ளைகள் அண்ணன் தம்பி, அக்கா தங்கை. உலகத்தில் வேறு எங்கேனும் இப்படி உண்டா என்று விசாரித்துக்கொண்டிருந்தவருக்கு, 1859இல் ஸ்கடர் என்ற பாதிரியார் மூலம் தமிழ் உறவுச் சொற்கள் கிடைத்தன. ஆர்க்காட்டுப் பகுதியில் பணிசெய்தவர் அவர். பெரியப்பா, சின்னம்மா என்று நாம் சொல்வதற்குள்ளேயே ‘அப்பா’வும் ‘அம்மா’வும் இருக்கிறதே! இரண்டும் பெருமளவு ஒத்துப்போவதைக் கண்டு அவர் வியந்துபோனார். 1871இல் வெளிவந்த அவருடைய பெரிய நூலில் தமிழுக்கு முக்கியமான இடம் உண்டு. உலகம் முழுவதும் இரத்தம் ஒன்றுதான், அதைப் பிரித்துப் பெயர் வைக்கும் விதம் ஊருக்கு ஊர் வேறு என்று அந்த நூல் காட்டியது.

நான் எழுதிய ஒரு சொல்

கணக்கெடுப்பைப் பற்றி நான் இவ்வளவு பேச இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பவர்களில் ஆசிரியர்கள்தானே அதிகம்! நானும் போயிருக்கிறேன். மாசி வெயிலில் கையில் படிவமும் தோளில் பையுமாகத் தெருத்தெருவாக நடந்திருக்கிறேன். ‘மருமகன்’ என்று யாராவது சொன்னால் தம்பி மகனா, மகள் கணவரா என்று கேட்டுப் பிரித்து எழுதுவேன். சரியாகச் செய்கிறோம் என்ற ஒரு பெருமிதம் எனக்கு இருந்தது.

ஒரு வீடு. எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பது சட்டம். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியும் எழுதுகிறேன். ஓர் அம்மா, ஐம்பதை ஒட்டிய வயது. இருபது வயதில் ஒரு மகள், திருமணமாகாதவள். மூன்று வயதில் ஒரு பையன். அந்த அம்மாவின் கணவர் இறந்து ஏழெட்டு வருடம் ஆகிவிட்டது என்று அவரே சற்று முன்னால் சொல்லியிருந்தார்.

“பையன் என்ன உறவும்மா?”

“மகன்தான். மகன்னு போட்டுக்கங்க டீச்சர்.”

கழித்தல் கணக்கு எனக்குத் தெரியும். அந்தப் பெண் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. பையன் ஓடிவந்து அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு “அக்கா, பசிக்குது” என்றான். அவள் அவனைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்த அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கெஞ்சவில்லை. நான் என்ன எழுதப்போகிறேன் என்று மட்டும் பார்த்தார்.

‘மகன்’ என்று எழுதினேன். அடுத்த கட்டத்துக்குப் போனேன். வெளியே வரும்போது அந்த அம்மா ஒரு சொம்பு மோர் கொடுத்தார்.

அது பிழையா? பதிவேட்டின் கண்ணில் பிழைதான். ஆனால் அந்த வீட்டில் அந்தப் பையனுக்குக் கொடுத்த இடம் அது. அந்த இடத்தில் வைத்துத்தான் அவனைச் சோறூட்டி, பள்ளிக்கு அனுப்பி வளர்த்தார்கள். இங்கிலாந்துப் பழைய பக்கங்களில் 48 வயது அம்மா, 19 வயது மகள், ஒரு வயது ‘மகன்’ என்று பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மோர்ச் சொம்பு நினைவுக்கு வரும். அங்கே சில பிள்ளைகள் அடுத்த கணக்கெடுப்பில் ‘பேரன்’ ஆகியிருப்பார்கள். 1837இலிருந்து இருக்கும் பிறப்புப் பதிவைத் தேடி எடுத்தால் தாயின் பெயர் தெரியும், தந்தைக்கான இடம் வெறுமையாக இருக்கும். உண்மையைத் தேடுகிறவர் தேடட்டும். ஆனால் ‘பொய் எழுதியிருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்ல வேண்டாம். அந்தக் கட்டத்துக்கு முன்னால் ஒரு தாய் நின்றுகொண்டிருந்தாள்.

நமக்கு என்ன இருக்கிறது?

என் மாணவன் கடைசியாகக் கேட்டான். “நம்ம ஊர் வீட்டுக்கு 1881 பக்கம் கிடைக்குமா டீச்சர்?”

கிடைக்காது. இந்தியா முழுவதும் ஒரே இரவில் எடுத்த முதல் கணக்கெடுப்பு 1881 பிப்ரவரி 17இல் நடந்தது. நம் முன்னோர் பெயரும் எங்கோ ஒரு படிவத்தில் ஏறியிருக்கும். ஆனால் மொத்த எண்ணிக்கையைக் கூட்டி எடுத்தபின் வீட்டுவாரிப் படிவங்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. எண்கள் புத்தகமாக இருக்கின்றன, மனிதர்கள் இல்லை. சுதந்திரத்துக்குப் பிறகு எடுத்ததும் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி இரகசியம். தனி ஆளின் விவரத்தை யாரும் கேட்டுப் பார்க்க முடியாது. உயிரோடிருப்பவர்களுக்கு அது நல்ல பாதுகாப்புதான். ஆனால் நம் பேரப்பிள்ளைகளுக்கு ஒரு லெஸ்டர் பக்கம் கிடையாது. பெரியவர்களின் வாய்தான் நம் பதிவேடு.

இனி உறவினர்களுக்கான கேள்வி.

அப்பாவின் தகரப் பெட்டியில் ஒரு படம் இருந்தது உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தாத்தா நாற்காலியில், அப்பத்தா வலப்பக்கம் நிற்பார். இடப்பக்கம் இன்னொரு பெண். நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அவரைச் ‘சின்னப்பத்தா’ என்றுதான் கூப்பிட்டோம். எனக்குத் தலைவாரிப் பூ வைத்தது, அரிச்சுவடி படிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து விசிறியது எல்லாம் அவர்தான். நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருடம் இறந்துபோனார். தாத்தாவுக்குத் தம்பி ஒருவர் இருந்து சின்ன வயதிலேயே இறந்தாராம். அவர் மனைவியும் எங்களுக்குச் சின்னப்பத்தாதான். தாத்தாவின் இரண்டாம் தாரம் என்றாலும் சின்னப்பத்தாதான். தாத்தா முன்னால் போய்விட்டதால் கழுத்தைப் பார்த்தும் சொல்ல முடியவில்லை. ஒரே சொல் இரண்டு வாழ்க்கைக்கும் பொருந்துகிறது. அப்பா இருக்கும்வரை கேட்கத் தோன்றவில்லை. கேட்கத் தோன்றியபோது அப்பா இல்லை.

லெஸ்டரில் முன்பின் தெரியாத ஒரு பையனுக்கு அவன் அப்பா யார் என்று இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டோம். என்னை வளர்த்தவர் என் தாத்தாவுக்கு என்ன உறவு என்று எனக்குத் தெரியவில்லை. உங்களில் யாருக்காவது, உங்கள் அம்மாச்சி, அப்பத்தா சொல்லி ஏதாவது காதில் விழுந்திருந்தால் எழுதுங்கள். இரண்டில் எதுவாக இருந்தாலும் அவர் மேல் எனக்கிருக்கும் பிரியம் குறையாது. பெயருக்கு நேரே சரியான சொல்லை எழுதி வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, உங்களுக்கு வீட்டுப்பாடம். அடுத்தமுறை ஊருக்குப் போகும்போது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டில் மூத்தவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள். ‘மாமா’, ‘சித்தி’ என்று மொட்டையாக எழுதாதீர்கள். யாருக்கு மாமா, எந்த வழியில் என்று எழுதுங்கள். பிறந்த ஊரை எழுதுங்கள். வயது தெரியாவிட்டால், எந்தப் புயலுக்கு எத்தனை வருடம் முன்னால், யார் கல்யாணத்துக்குப் பின்னால் என்று கேளுங்கள். அவர்கள் ஏதாவது ஓர் இடத்தில் தயங்கினால் அழுத்திக் கேட்காதீர்கள். அந்த இடத்தில் ஒரு வரி விட்டுவிட்டு மேலே எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்